பிள்ளையின் டீம் பிளேஆஃபுக்குப் போகிறது: யார் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

ஸீசன் முடிந்தது, இனி சனிக்கிழமையாவது கொஞ்சம் தூங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்போதுதான் கோச்சிடமிருந்து செய்தி வரும். டீம் பிளேஆஃபுக்கு, அதாவது ஸீசனுக்குப் பிந்தைய சுற்றுகளுக்கு, தேர்வாகிவிட்டது, அடுத்த ஆட்டம் ஐந்தே நாளில், ஊர் 150 மைல் தள்ளி. கூடவே ஒரு கூகுள் ஃபார்ம்: டி-ஷர்ட் அளவு என்ன, பஸ்ஸில் வருவானா, சாண்ட்விச்சில் இறைச்சி வேண்டுமா வேண்டாமா. பணம் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. இல்லையென்றால் 'பிளேஆஃப் பேக்கேஜ்' என்று ஒரு தொகையும் வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியின் கணக்கும் மட்டும் இருக்கும், எதற்கு என்ற விவரம் இருக்காது. புதிதாக வந்த குடும்பத்துக்கு இரண்டுமே தலைவலிதான்.

இந்தக் கட்டுரை டெக்சஸ் அரசுப் பள்ளிகளை வைத்து எழுதியது. ஃபிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, ரவுண்ட் ராக் பக்கம் நம் ஆட்கள் நிறைய. ஹைஸ்கூல் விளையாட்டுக்கு இத்தனை பணமும் பரபரப்பும் உள்ள மாநிலமும் வேறு இல்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பகுதியில் சில விஷயங்கள் இருக்கின்றன.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு போதும். ஆடப் போகும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பள்ளியின் செலவு. அதைப் பார்க்கப் போவது உங்கள் செலவு. நடுவில் கிடக்கும் சாப்பாடு, சட்டை, விருந்து, மோதிரம் இவற்றில்தான் குழப்பமெல்லாம்.

படி 1: எத்தனை சுற்று, எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறித் தேசியப் பள்ளி விளையாட்டு வரை போகலாம். அமெரிக்காவில் ஹைஸ்கூலுக்கு மாநிலத்தோடு சரி. 50 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் பொதுவான கூட்டமைப்பு என்எஃப்எச்எஸ், 1920ல் தொடங்கியது. அது ஆட்ட விதிகளை எழுதும், தேசியப் போட்டி நடத்தாது. டெக்சஸின் சங்கம் யூஐஎல். 1910ல் தொடங்கிய அது இன்றும் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கிறது. ஃபிரிஸ்கோ, கேட்டி போன்ற புறநகர்ப் பள்ளிகள் 5ஏ, 6ஏவில் இருக்கும்.

விளையாட்டுக்கு விளையாட்டு பாதை மாறும், செலவும் அதோடு மாறும். பெரிய பள்ளிகளின் அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலிருந்தும் (யூஐஎல் பிரித்துவைத்த பள்ளிக் குழு) நான்கு டீம்கள் முன்னேறும். நவம்பர் நடுவில் தொடங்கி பை-டிஸ்ட்ரிக்ட், ஏரியா, ரீஜனல், கால் இறுதி, அரை இறுதி என்று வாரம் ஒன்றாகத் தாண்டினால், டிசம்பரில் ஆர்லிங்டனின் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். ஆறு வாரம், ஆறு பயணம். மூன்றாவது சுற்று தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் வரும். அந்த வியாழக்கிழமை காலையில் பயிற்சிக்குப் போவது டெக்சஸ் பையன்களுக்குப் பெரிய கௌரவம். அந்த நாலு நாள் லீவுக்கு விமான டிக்கெட் எடுத்துவைத்த பெற்றோருக்கு அப்படி இருக்காது.

நம் பிள்ளைகள் அதிகம் இருப்பது டென்னிஸ், நீச்சல், கிராஸ் கன்ட்ரி, டிராக்கில். இங்கே தேதியும் இடமும் முன்பே தெரியும், அது பெரிய வசதி. கிராஸ் கன்ட்ரியில் டிஸ்ட்ரிக்ட், ரீஜனல் தாண்டினால் நவம்பரில் ரவுண்ட் ராக்கின் ஓல்ட் செட்லர்ஸ் பார்க்கில் ஸ்டேட், அதாவது மாநிலப் போட்டி. டிராக்கில் டிஸ்ட்ரிக்ட், ஏரியா, ரீஜனல் என்று மூன்று படி ஏறி, மே மாதம் ஆஸ்டினில் மைக் மையர்ஸ் ஸ்டேடியம். யூஐஎல் நாட்காட்டியை இணையத்தில் திறந்து, உங்கள் விளையாட்டின் கடைசித் தேதி வரை குடும்பக் காலண்டரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். டீம் அவ்வளவு தூரம் போகுமா என்று இப்போதே யோசிக்க வேண்டாம்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதைப் படிக்காமல் அடுத்த படிக்குப் போகலாம். ஆனால் இது தெரிந்தால், 'டிக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு, நம் டீமுக்கு மட்டும் ஏன் மஞ்சள் பஸ்' என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வழக்கமான ஸீசனில் சொந்த மைதானத்து ஆட்டத்தின் டிக்கெட் பணம் உங்கள் ஐஎஸ்டிக்கு, அதாவது உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்துக்கு, போகும். பிளேஆஃபில் இடத்தை இரண்டு பள்ளிகளும் பேசி முடிவு செய்கின்றன. ஒத்துவராவிட்டால் நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள ஏதோ ஒரு பெரிய ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுப்பது சகஜம். வசூலில் முதலில் ஸ்டேடியம் வாடகை, நடுவர் சம்பளம், போலீஸ், வாசலில் நிற்கும் ஆட்களின் கூலி எல்லாம் கழியும். யூஐஎல்லுக்கு ஒரு சதவீதம் போகும். மிச்சத்தை இரு பள்ளிகளும் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்.

மாநிலச் சங்கங்கள் பலவற்றுக்கும் இந்த வாசல் வசூல்தான் உயிர்நாடி. அதிலும் ஃபுட்பாலும் கூடைப்பந்தும் சம்பாதித்ததில்தான் கிராஸ் கன்ட்ரியும் டென்னிஸும் கோல்ஃபும் ஓடுகின்றன. 2020 மார்ச் 12 அன்று, சான் ஆன்டோனியோவில் நடந்துகொண்டிருந்த ஆண்கள் கூடைப்பந்து ஸ்டேட் போட்டியை யூஐஎல் கொரோனாவால் பாதியில் நிறுத்தியது. அதே வாரம் நாடு முழுக்க மற்ற மாநிலங்களிலும் இதே கதை. கூடைப்பந்து டிக்கெட்டை நம்பி ஆண்டு பட்ஜெட் போட்டிருந்த சங்கங்களெல்லாம் திண்டாடின.

ஆகவே உங்கள் மகள் டென்னிஸ் ரீஜனலுக்குப் போகும்போது அந்தப் பயணத்துக்கு வாசலில் யாரும் டிக்கெட் வாங்கிப் பணம் சேர்வதில்லை. ஐஎஸ்டியின் விளையாட்டு பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் வருடம் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப்பின் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 3: கோச்சிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

நம்மவர்கள் தயங்கும் இடம் இதுதான். பணத்தைப் பற்றிக் கேட்டால் கஞ்சன் என்று நினைப்பார்களோ, பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். இங்கே அப்படி யாரும் நினைப்பதில்லை. இரண்டு வரி மின்னஞ்சல் போதும். 'கோச்' என்று விளித்துக் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவே போதுமான மரியாதை. கேட்க வேண்டியவை:

- போக்குவரத்து எது? மஞ்சள் பள்ளி பஸ்ஸா, வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் பஸ்ஸா, கோச் ஓட்டும் வேனா? பிள்ளை அதில்தான் வர வேண்டுமா?
- இரவு தங்கல் உண்டா? அறைக்கு எத்தனை பேர், யார் கட்டணம்?
- எந்தெந்த வேளைச் சாப்பாடு பள்ளி தரும்?
- ஃபார்மில் உள்ள தொகை கட்டாயமா, விருப்பமா? யார் கணக்குக்குப் போகிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பள்ளியின் ஆன்லைன் கட்டணத் தளம் என்றால் சரி. பூஸ்டர் கிளப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு என்றாலும் சரி. யாரோ ஒரு பெற்றோரின் சொந்த வென்மோ என்றால், ரசீது உண்டா என்று பணிவாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கோச் கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது. அது அவருக்கும் தொந்தரவு.

போக்குவரத்து விஷயத்தில் ஒன்று. போகும்போது டீமோடு பஸ்ஸில் போவது பெரும்பாலான ஐஎஸ்டிகளில் கட்டாயம். திரும்பும்போது உங்கள் காரில் அழைத்துவர வேண்டுமென்றால் படிவத்தில் கையெழுத்து வேண்டும். அதை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். ஆட்டம் முடிந்த இரவு பத்தரை மணிக்கு, இருட்டில், பஸ் வாசலில் நின்று கோச்சிடம் பேனா கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் நன்றாக இருக்காது.

படி 4: உங்கள் சொந்தச் செலவைக் கணக்குப் போடுங்கள்

பழமொழி சொல்வதுபோல் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பிள்ளை ஓடுவது பதினாறு நிமிடம். அதைப் பார்க்க நான்கு பேர் கிளம்பினால் கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். விலைகள் நானாக வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து ரவுண்ட் ராக் போக ஏறத்தாழ 200 மைல், போய்வர 400. காலனுக்கு 25 மைல் ஓடும் கார் என்றால் 16 காலன். காலன் 3 டாலர் என்றால் 48 டாலர். ஒரு இரவு ஹோட்டல் 150 டாலர் என்று வையுங்கள். அதன்மேல் மாநில வரி 6 சதவீதம், அதற்கும் மேல் நகர வரி, எல்லாம் சேர்ந்து 175 பக்கம் வரும். நான்கு பேர் நான்கு வேளை வெளியே சாப்பிட்டால், தலைக்கு 15 டாலர் வீதம் 240. நுழைவு, பார்க்கிங் எல்லாம் 45. மொத்தம் 508 டாலர்.

இதில் பெரிய பூதம் சாப்பாடு என்பதைக் கவனியுங்கள். ஒரு கூலரில் தயிர் சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா முறுக்கு. 240 என்பது நூறுக்குள் வந்துவிடும். பூங்காவில் நடக்கும் கிராஸ் கன்ட்ரிக்குக் கூலரைக் கொண்டுபோய்ப் புல்லில் உட்காரலாம். ஸ்டேடியத்துக்குள் வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள், காரிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். கைப்பையும் பல இடங்களில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையாகத்தான் இருக்க வேண்டும். வாசலில் திருப்பி அனுப்பினால் பார்க்கிங் வரை திரும்ப நடக்க வேண்டிவரும்.

ஹோட்டலுக்கு ஒரே விதி: ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையை மட்டும் எடுங்கள். பத்து டாலர் மிச்சம் என்று திரும்பாத அறையை எடுத்தால், முந்தைய சுற்றில் தோற்றதும் அது கையைக் கடிக்கும். டீம் விளையாட்டில் அடுத்த ஆட்டத்தின் ஊரே வெள்ளிக்கிழமை இரவு வென்ற பிறகுதான் தெரியும். தனிநபர் விளையாட்டில் ஊர் முன்பே தெரியும் என்பதால் டிஸ்ட்ரிக்ட் முடிந்தவுடனேயே எடுத்துவைக்கலாம். ஆஸ்டினில் மே மாதம் பட்டமளிப்பு விழாக்களோடு மோதும், அறை விலை எகிறும். டீம் தங்கும் ஹோட்டலிலேயே பெற்றோருக்கும் அறைகள் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று பூஸ்டர் கிளப்பிடம் கேளுங்கள்.

தோல்வி தவிர இன்னொரு காரணத்தாலும் பயணம் ரத்தாகலாம். டெக்சஸில் 1984 முதல் 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம் இருக்கிறது. ரிப்போர்ட் கார்டில் ஏதாவது ஒரு பாடத்தில் (விலக்கு பெற்ற சில உயர்நிலைப் பாடங்கள் தவிர) 70க்குக் கீழே வந்தால் மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. நம் வீட்டில் அந்தக் கவலை இல்லை என்று சொல்லாதீர்கள். போட்டிக்காகத் தவறவிட்ட இரண்டு குவிஸ்ஸுக்குப் பூஜ்யம் விழுந்து, சராசரி சறுக்குவது நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் நடக்கும். மதிப்பெண் வரும் தேதியையும் அதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை இப்போது பெரும்பாலும் மொபைலில்தான் வாங்க வேண்டும், கோஃபேன் போன்ற செயலிகள் வழியாக. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் தனி. பள்ளிக்கு நீங்கள் ஏற்கெனவே வாங்கிய ஸீசன் பாஸ் பிளேஆஃபில் செல்லாது, அது தனிக் கணக்கு. வாசலுக்கு வந்த பிறகு சிக்னல் கிடைக்காமல் தவிப்பதைவிட வீட்டிலேயே வாங்கி மொபைல் வாலெட்டில் ஏற்றிவிடுவது நல்லது. வராத தாத்தா பாட்டிக்கு என்எஃப்எச்எஸ் நெட்வொர்க் என்ற சந்தா சேவை பல ஆட்டங்களை நேரலையாகத் தருகிறது. ஒரு மாதச் சந்தா போட்டு, ஸீசன் முடிந்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். நவம்பரில் இங்கே வெள்ளி இரவு 7 மணி என்றால் மதுரையில் சனி காலை ஆறரை. காபி ஆறுவதற்குள் முதல் டச்டவுன் பார்த்துவிடுவார்கள்.

படி 5: தாராள மனசுக்குக் கடிவாளம்

நம் பழக்கம் தெரிந்ததுதான். மகன் டீம் ஜெயித்துவிட்டது, 'எல்லாப் பிள்ளைகளுக்கும் பீட்ஸா என் செலவு' என்று கையைத் தூக்கிவிடுவோம். யூஐஎல் விதிப்படி உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எதையும் வாங்கித் தரலாம். அடுத்தவர் பிள்ளைக்குச் சாப்பாடோ மதிப்புள்ள வேறு பொருளோ தருவதற்குப் பள்ளியின் அனுமதி வேண்டும். காரணம் அமெச்சூர் விதி. விளையாட்டில் சாதித்ததற்காக மாணவர் வெளியாரிடம் மதிப்புள்ள எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் ஆடும் தகுதியே கேள்விக்குள்ளாகும். அதனால் பீட்ஸா வேண்டாம் என்றில்லை. முதலில் கோச்சிடம் சொல்லி, அவர் பள்ளியில் அனுமதி வாங்கி, பிறகு பூஸ்டர் கிளப் வழியாகக் கொடுங்கள். ஒரு மின்னஞ்சல் வேலை.

கோச்சுக்குப் பரிசு தருவதிலும் வரம்பு உண்டு. ஒரு கோச் தன் பணிக்கான நன்றியாக ஒரு காலண்டர் ஆண்டில் எல்லோரிடமிருந்தும் சேர்த்து 500 டாலருக்கு மேல் பெறக் கூடாது. எல்லோரிடமிருந்தும் சேர்த்து என்பதை இரண்டு முறை படியுங்கள். நாற்பது குடும்பம் ஆளுக்கு 25 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தால் ஆயிரம் ஆகிவிடும். நீங்கள் அன்போடு கொடுத்தது அவருக்குச் சிக்கலாக முடியும். எல்லோரும் சேர்ந்து ஒரே பரிசாகத் தருவது, கூடவே பிள்ளை கையால் எழுதிய ஒரு கடிதம், இதுதான் சரியான வழி.

படி 6: பூஸ்டர் கிளப்பும் நன்கொடைக் கணக்கும்

பூஸ்டர் கிளப் என்பது பெற்றோர் நடத்தும் தனி அமைப்பு, பள்ளியின் துறை கிடையாது. ஆனாலும் அதன் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் பள்ளி நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். பிளேஆஃப் வந்தால் அது செய்யும் வேலைகள்: கூடுதல் சாப்பாடு, தண்ணீர், சில இடங்களில் சார்ட்டர் பஸ்ஸுக்கான வித்தியாசத் தொகை, மாணவர் ரசிகர் பஸ், சுவரொட்டி. தனியார் பயிற்சிக்கும் முகாமுக்கும் பூஸ்டர் பணத்தைத் தரக் கூடாது என்பது யூஐஎல் விதி.

பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் சரிபாருங்கள்.

கிளப் 501(சி)(3) என்ற வரிவிலக்கு அந்தஸ்து பெற்றதா? ஐஆர்எஸ் என்ற மத்திய வரித்துறையின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். ஆண்டு வருமானம் வழக்கமாக 50,000 டாலருக்குள் உள்ள சிறிய கிளப்கூட 990-என் என்ற மின்னட்டையை வருடந்தோறும் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து மறந்தால் அந்தஸ்து தானாகவே பறிபோகும். பெற்றோர் மாறிக்கொண்டே இருக்கும் கிளப்புகளில் இது நடக்கிறது. பொருளாளர் பிள்ளை பட்டம் வாங்கிப் போய்விடுவான், பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும்.

அடுத்து, 'நீங்கள் திரட்டும் பணம் உங்கள் பிள்ளையின் கணக்கில் வரவு வைக்கப்படும்' என்று கிளப் சொல்கிறதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உழைத்தவன் பலனை அனுபவிக்கட்டும் என்று நமக்கும் தோன்றும். ஆனால் வரிவிலக்கு அமைப்புக்கு இது ஆபத்து. கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் வழக்கில் 2013ல் அமெரிக்க வரி நீதிமன்றம் இதே காரணத்துக்காக அந்த கிளப்பின் வரிவிலக்கு ரத்தானது சரி என்று தீர்ப்பளித்தது. திரட்டிய பணம் டீம் முழுமைக்கும் பொதுவாகப் போக வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் கொடுப்பது நன்கொடையா கட்டணமா? டி-ஷர்ட்டும் விருந்தும் கிடைக்கும் 'பேக்கேஜ்' தொகையில் அவற்றின் மதிப்பைக் கழித்த மிச்சம்தான் நன்கொடை. 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் கிளப்பிடமிருந்து எழுத்து வடிவ ஒப்புகை வேண்டும். உங்கள் பிள்ளையின் ஹோட்டல் அறைக்கு என்று குறித்துக் கொடுத்தால் அது நன்கொடையே ஆகாது. பொதுவாக டீமுக்குக் கொடுத்தால் உங்கள் கம்பெனியின் மேட்சிங் திட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஐடி கம்பெனிகள் பலவற்றில் ஊழியர் கொடுக்கும் டாலருக்கு டாலர் கம்பெனியும் சேர்க்கும், பெனிவிட்டி போன்ற தளம் வழியாக. சிலவற்றில் தன்னார்வ நேரத்துக்கும் பணம் தருவார்கள். மைதானத் தின்பண்டக் கடையில் (கன்செஷன் ஸ்டாண்ட்) நாச்சோ விற்ற நான்கு மணி நேரத்தைப் பதிவு செய்ய நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் வந்து சேர மாதங்கள் ஆகலாம். நவம்பர் பிளேஆஃபுக்கு உதவ வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே போட வேண்டும்.

அவசரத்துக்குப் பணம் திரட்ட உள்ளூர் உணவகத்தின் 'ஸ்பிரிட் நைட்' நல்ல வழி, அன்றைய விற்பனையில் ஒரு பங்கு கிளப்புக்கு வரும். செல்பேசியில் இருபது பேர் முகவரியைப் பிள்ளையிடம் வாங்கி எல்லோருக்கும் செய்தி அனுப்பும் தனியார் நிதிதிரட்டல் நிறுவனங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கணிசமான பங்கை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சேலத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அந்தச் செய்தி போய்விடுகிறது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் டீம் சார்ட்டர் பஸ்ஸிலும் பெண்கள் டீம் மஞ்சள் பஸ்ஸிலும் போவது வழக்கமாகிவிட்டால், 'அது பூஸ்டர் கொடுத்த பணம், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று ஐஎஸ்டி கை கழுவ முடியாது. 1972ல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி மொத்தத்தில் இரு தரப்புக்கும் சமமான வசதி கிடைக்கிறதா என்பதற்கு ஐஎஸ்டிதான் பொறுப்பு, பணம் யார் கொடுத்தாலும். முதலில் அத்லெட்டிக் டைரக்டரிடம் பேசுங்கள். அதற்குமேல் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு ஐஎஸ்டியிலும் இதற்கென்றே ஒரு டைட்டில் நைன் அதிகாரி இருப்பார்.

கட்ட முடியாவிட்டால்

வேலை போன மாதத்தில் பிளேஆஃப் வரலாம். விருப்பப்பட்டுச் சேரும் நடவடிக்கைகளுக்குக் கட்டணம் வாங்கும் ஐஎஸ்டி, கட்ட முடியாதவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்ய ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும், அது மாணவர் கையேட்டிலும் இருக்க வேண்டும் என்று டெக்சஸ் கல்விச் சட்டமே சொல்கிறது. கோச்சிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) போங்கள். பிள்ளைக்கு இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு கிடைக்கிறது என்றால் பல இடங்களில் அதுவே போதுமான ஆதாரம். வீடு இழந்து உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு மெக்கின்னி-வென்டோ என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் தனி உதவி உண்டு. அதைக் கவனிக்கும் அலுவலரும் ஒவ்வொரு ஐஎஸ்டியிலும் இருக்கிறார்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

கலிஃபோர்னியாவில் விதி தலைகீழ். 1984ல் ஹார்ட்ஸெல் எதிர் கானெல் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், பள்ளி விளையாட்டும் கல்வியின் பகுதிதான், அதில் சேரக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஃபிரீமான்ட்டிலோ சான் ரமோனிலோ வரும் கடிதத்தில் 'நன்கொடை' என்றுதான் இருக்கும். எவ்வளவு அழுத்திக் கேட்டாலும் அது விருப்பம்தான், கொடுக்காததால் பிள்ளையை டீமிலிருந்து நீக்க முடியாது. முடிந்தவர்கள் கொடுங்கள், கொடுக்காவிட்டால் பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்தோ வர வேண்டியிருக்கும். மிச்சிகன், ஒஹையோ, மாசசூசெட்ஸ் பக்கம் ஸீசன் தொடக்கத்திலேயே விளையாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பள்ளிகள் நிறைய. அங்கே பிளேஆஃபுக்கு மறுபடி கேட்கிறார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

தூரத்தைப் பற்றிப் புலம்புவதற்கு முன் அலாஸ்காவை நினைத்துக்கொள்ளலாம். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. அந்தப் பக்கத்துப் பள்ளி டீம்கள் விமானத்திலோ, இரவெல்லாம் ஓடும் ஃபெர்ரியிலோ போட்டிக்குப் போகின்றன. அங்கே பணம் திரட்டுவது ஸீசனின் முதல் நாளே ஆரம்பம்.

ஜெயித்த பிறகு வரும் பில்கள்

ஸ்டேட் முடிந்த ஒரு வாரத்தில் மூன்று விதமான கடிதங்கள் வரும்.

ஒன்று மோதிரம். ஸ்டேட் சாம்பியன் மோதிரம் பல நூறு டாலர் ஆகும். மாணவருக்குப் பள்ளி தரக்கூடிய விருதின் மதிப்புக்கு யூஐஎல் வரம்பு வைத்திருப்பதால் பெரும்பாலும் குடும்பமே வாங்க வேண்டியிருக்கும். பித்தளை நிறத்துச் சாதா உலோகமா, வெள்ளியா, கல் எத்தனை என்று ஆர்டர் படிவத்தில் பட்டியல் நீளும். கேட்டால் மலிவான உலோகமும் கிடைக்கும். கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்று படமும் வீடியோவும். மைதானத்தில் எடுத்த ஒரு டிஜிட்டல் படத்துக்கே நல்ல விலை சொல்வார்கள். டீம் பெற்றோரில் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய பகிர்வு ஆல்பத்தை முதலில் பாருங்கள்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. 'உங்கள் மகள் தேசிய அணிக்குத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார்' என்று அழகான முத்திரையோடு, வெளிநாட்டுப் பயணம், ஆல்-ஸ்டார் போட்டி என்று சில ஆயிரம் டாலர் கேட்டு வரும். முதல் படியில் சொன்னதுபோல் பள்ளிச் சங்கங்களுக்குத் தேசியப் போட்டி இல்லை. போர்ட்லண்டில் நடக்கும் நைக்கி கிராஸ் நேஷனல்ஸ் போன்ற உண்மையான போட்டிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றை நடத்துவது நிறுவனங்கள். அவற்றுக்குத் தகுதி ஓடிய நேரத்தையும் தகுதிப் போட்டியில் பிடித்த இடத்தையும் வைத்துத்தான் வரும். காசோலையை வைத்து வருவதில்லை. கடிதத்தைக் கோச்சுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை முன்பணம் கட்டாதீர்கள். பயிற்சியாளர்கள் யார், இன்சூரன்ஸ் யார் பொறுப்பு, பணம் திரும்புமா என்ற மூன்று கேள்வியைக் கேட்டாலே அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவது நின்றுவிடும்.